சார் ரிட்டயர் ஆனால் ஆபீஸ் யாருக்கு?

எங்கள் ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறது. மரக் கைப்பிடி, ஓரம் தேய்ந்து, ஊதா மை ஊறிக் கறுத்துப்போனது. அதில் சாரின் பெயர், அதற்குக் கீழே ‘சி.ஏ./84/’ என்று தொடங்கும் பதிவு எண். 1984-இல் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிந்ததன் அடையாளம். பிளானிங் பர்மிஷன் விண்ணப்பமெல்லாம் ஆன்லைனுக்குப் போய்விட்டது, டிஜிட்டல் கையெழுத்தும் வந்துவிட்டது. ஆனாலும் கிளையன்ட் கைக்குப் போகும் பிரதியில் அந்த ஸ்டாம்ப் விழுந்தால்தான் சாருக்குத் திருப்தி.

போன மாதம் ஒரு சனிக்கிழமை டீ நேரத்தில் அவரே பேச்சை எடுத்தார். “எனக்கு அறுபத்தாறு ஆச்சு. மேடத்துக்கு அறுபத்திமூணு. மேல என்ன பண்றதுன்னு நீங்க மூணு பேரும் உக்காந்து யோசிச்சு ஒரு நோட் போட்டுக் கொண்டு வாங்கப்பா.” மேடம் என்றால் ஆபீஸின் இன்னொரு மூத்த பார்ட்னர். மூன்று பேர் என்றால் நானும் இன்னும் இரண்டு சீனியர் அசோசியேட்டும். நோட் எழுதும் வேலை, வழக்கம்போல, என் தலையில் விழுந்தது.

அதற்காகப் படித்ததும், ஆடிட்டரிடம் கேட்டதும், பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்ததும்தான் இங்கே. சென்னையில் இருபது முப்பது பேர் வேலை செய்கிற, இரண்டு மூத்தவர்கள் பெயரில் ஓடுகிற ஆபீஸ்கள் நிறைய உண்டு. அவர்களுக்குப் பயன்படலாம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆபீஸை வாங்கும் பக்கம் நிற்பவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தேட ஆரம்பித்தபோது எந்த வழி சிறந்தது என்றுதான் கேட்டேன். பாதி தூரம் போன பிறகுதான் கேள்வியே தப்பு என்று பட்டது. கையில் எத்தனை வருஷம் இருக்கிறது? அதைச் சொன்னால் பாதி வழிகள் தாமாகவே அடைபட்டுவிடுகின்றன.

இன்னொன்று, கைமாறப்போவது என்ன என்பது. மளிகைக் கடையை விற்றால் சரக்கு இருக்கும், ஷட்டர் இருக்கும். எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர்கள், ஒரு பழைய பிளாட்டர், வாடகை அட்வான்ஸ், வராத ஃபீ பாக்கி. இவ்வளவுதான் கணக்கில் ஏறும். மற்றதெல்லாம் கிளையன்ட் யாருக்கு போன் செய்கிறார், பழைய கட்டடத்தில் விரிசல் விட்டால் யாரைக் கூப்பிடுவார் என்பதில் இருக்கிறது. ஸ்டாம்பில் இருக்கும் நம்பரை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது.

பிள்ளைகள்

முதலில் எல்லோரும் கேட்பது இதைத்தான். சென்னையிலேயே நல்ல உதாரணம் உண்டு. அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தை வரையத் தொடங்கியவர்கள் லண்டன் ஆர்க்கிடெக்ட்டுகள். அவர்கள் நடுவில் விலக, 1959-இல் திறக்கும்படி முடித்துக் கொடுத்தது எல்.எம். சித்தாலேயின் அலுவலகம். ‘அண்ட் சன்’ என்று பெயரிலேயே வாரிசை எழுதிவைத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக நடக்கும் அலுவலகம் அது. அகமதாபாத்தில் பி.வி. தோஷி 1950-களில் தொடங்கிய வேலையை இன்று அவருடைய பேத்தியும் பேத்தியின் கணவரும் பார்க்கிறார்கள். இருவரும் ஆர்க்கிடெக்ட்டுகள், தோஷி இருக்கும்போதே பல வருஷம் அவரோடு வேலை செய்தவர்கள்.

அந்தக் கடைசி வரிதான் விஷயம். பி.ஆர்க். ஐந்து வருஷம். அதற்குப் பிறகு சைட்டில் நின்று, கான்ட்ராக்டரிடம் ஏமாந்து, தேறி வர இன்னும் ஏழெட்டு வருஷம். 1972-ஆம் வருஷத்து ஆர்க்கிடெக்ட் சட்டப்படி, பதிவு பெறாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியாது. (சட்டம் காப்பது பட்டத்தைத்தான், வரையும் வேலையை எல்லோருக்கும் தடுக்கவில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் பட்டம் இல்லாதவர் பெயரில் ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் நடத்துவது எப்படி?) ஆகவே எம்.பி.ஏ. படித்த மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் பையன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தார். வந்த ஆறாவது மாதம் எங்கள் எல்லோருக்கும் மேலே உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை, திறமையும் உண்டு. ஆனால் பதினைந்து வருஷம் அங்கேயே கிடந்தவர்களுக்கு யாரும் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரே வருஷத்தில் நான்கு பேர் கிளம்பினோம். ஆளுக்கு ஒன்றிரண்டு கிளையன்ட்டும் கூடவே வந்தார்கள்.

எங்கள் விஷயத்தில் இந்தக் கதவு மூடியே இருக்கிறது. சாரின் மகன் டாலஸில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார். மேடத்தின் மகள் டாக்டர். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் யோசித்திருக்க வேண்டிய வழி.

உள்ளே இருப்பவர்களுக்கு விற்பது

இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். ஏனென்றால் ‘பசங்களுக்கே கொடுத்துடலாம்’ என்று வாயால் சொல்வது சுலபம். பேப்பரில் போட்டால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

ஒரு கணக்கு. எண்கள் கற்பனைதான், ஆனால் இந்த அளவு ஆபீஸுக்குப் பொருந்தும். பார்ட்னர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, வரியும் போக, வருஷம் 80 லட்சம் லாபம் என்று வைத்துக்கொள்வோம். குட்வில்லுக்கு, அதாவது ஆபீஸின் பெயருக்கும் கிளையன்ட் உறவுக்கும், ஒன்றரை வருஷ லாபத்தைப் போட்டால் ஆபீஸின் விலை 1 கோடியே 20 லட்சம். பெரியவர்கள் இருவரிடமும் 80 சதவீதம், இளையவர்கள் மூவரிடமும் சேர்த்து 20 சதவீதம். ஆகவே நாங்கள் மூவரும் வாங்க வேண்டியது 96 லட்சம். தலைக்கு 32 லட்சம்.

வீட்டு லோன் கட்டிக்கொண்டிருக்கும் ஓர் அசோசியேட்டிடம் 32 லட்சம் ஏது? பேங்கிலும் கொடுக்க மாட்டார்கள், அடமானம் வைக்க எதுவும் இல்லை. ஆகவே வரும் லாபத்திலிருந்துதான் கட்ட வேண்டும். முதல் வருஷம் எங்கள் 20 சதவீதத்துக்கு வரும் லாபம் 16 லட்சம், தலைக்கு ஐந்து லட்சத்து முப்பதாயிரம் சொச்சம்.

எட்டு வருஷம் கிடைத்தால் வருஷத்துக்குப் பத்து சதவீதம் கைமாறும். அதற்கு 12 லட்சம், தலைக்கு நான்கு. முதல் வருஷம் வந்த லாபத்தில் நான்கைக் கட்டிவிட்டு ஒன்று சொச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இரண்டாம் வருஷம் பங்கு 30 சதவீதமாகிறது, தலைக்கு எட்டு லட்சம் வருகிறது, கட்டுவது அதே நான்கு. அப்புறம் பிரச்சினையே இல்லை.

இதையே இரண்டு வருஷத்தில் முடிக்க நினைத்தால் முதல் வருஷமே தலைக்கு 16 லட்சம் கட்ட வேண்டும். வருவதோ ஐந்து. முடிந்தது கதை. ஆபீஸ் அதேதான், விலை அதேதான், ஆட்களும் அதே ஆட்கள். நாட்கள் மட்டும்தான் குறைவு.

உலகத்தில் இதை வழக்கமாகவே ஆக்கிக்கொண்ட அலுவலகங்கள் உண்டு. அமெரிக்காவின் ஸ்கிட்மோர் ஓவிங்ஸ் அண்ட் மெரில் 1936-இல் சிகாகோவில் தொடங்கியது. பெயரில் இருக்கும் மூவரில் கடைசியாக இருந்த ஓவிங்ஸ் 1984-இல் காலமானார். அந்த அலுவலகம் வரைந்த புர்ஜ் கலீஃபா திறந்தது 2010-இல். அங்கே பார்ட்னர்கள் வருவார்கள், காலம் வந்தால் விலகுவார்கள், பெயர்ப்பலகை அப்படியே நிற்கும். ஆனால் அதே புர்ஜ் கலீஃபாவை வரைந்த ஏட்ரியன் ஸ்மித், கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோதே, 2006-இல் அங்கிருந்து விலகித் தனியாக அலுவலகம் தொடங்கினார். அவருக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. கூட்டாளி கார்டன் கில்லும் அதே இடத்திலிருந்து வந்தவர்தான். அறுபதுக்கு மேல் எல்லோரும் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடப் போவார்கள் என்று நினைத்துப் பார்ட்னர்ஷிப் பத்திரம் எழுதக் கூடாது என்று இதைப் படித்தபோது குறித்துக்கொண்டேன்.

அமெரிக்க ஆர்க்கிடெக்ட் ஐ.எம். பெய் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. 1989-இல் ‘ஐ.எம். பெய் அண்ட் பார்ட்னர்ஸ்’ என்ற பெயரை ‘பெய் காப் ஃப்ரீட்’ என்று மாற்றினார்கள். அடுத்த வருஷம் அவர் ஓய்வு. பெரியவர் கட்டடத்துக்குள் இருக்கும்போதே மற்றவர்கள் பெயர் பலகையில் ஏறிவிட்டது. அதன் பிறகு பெய் சும்மா இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. தனக்குப் பிடித்த வேலையை மட்டும் எடுத்துக்கொண்டார். கத்தார் தோஹாவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் 2008-இல் திறந்தபோது அவருக்கு 91 வயது.

நம் ஊர்ச் சட்டத்தில் மூன்று பள்ளங்கள் உண்டு. ஆடிட்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். 1932-ஆம் வருஷத்துப் பார்ட்னர்ஷிப் சட்டப்படி, விலகிய பார்ட்னர் பொது அறிவிப்பு கொடுக்கும் வரை, ஆபீஸ் செய்யும் காரியத்துக்கு வெளியாட்களிடம் அவரும் பொறுப்பு. பதிவான நிறுவனம் என்றால் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் உள்ளூர் மொழி நாளிதழ் ஒன்றிலும் போட வேண்டும். கேக் வெட்டி, சால்வை போட்டு அனுப்பிவைத்துவிட்டு இதை மறந்துபோனவர்கள் எத்தனை பேரோ.

இரண்டாவது, இரண்டே பார்ட்னர் உள்ள ஆபீஸ். ஒருவர் காலமானால், பத்திரத்தில் ‘தொடரும்’ என்று எழுதியிருந்தாலும், ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு பார்ட்னர்ஷிப் நிற்காது, கலைந்துவிடும். சாரும் மேடமும் மட்டுமே பார்ட்னராக இருந்த காலத்தில், இருபத்திரண்டு வருஷம், எங்கள் ஆபீஸ் இந்தக் கயிற்றில்தான் நடந்திருக்கிறது. மூன்றாவது, விலகியவரின் கணக்கை முடிக்காமல் இழுத்தடித்தால், அவரோ அவர் வாரிசோ தன் பங்குக்கான லாபத்தைக் கேட்கலாம், இல்லையென்றால் வருஷத்துக்கு 6 சதவீதம் வட்டி கேட்கலாம். எது லாபமோ அதை அவர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

எல்.எல்.பி.யாக, அதாவது பார்ட்னர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனமாக, மாற்றிவிட்டால் முதல் இரண்டும் பெருமளவு தீரும். ஒருவர் போவதால் அது கலைவதில்லை. விலகலைப் படிவம் 4-இல் முப்பது நாளுக்குள் பதிவாளருக்குத் தெரிவித்தால் சரி. செலவும் அதிகம் ஆகாது. அப்படியிருந்தும் ஏன் இத்தனை ஆபீஸ்கள் பழைய பத்திரத்திலேயே ஓடுகின்றன? ஓய்வைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வராததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பத்திரத்தைத் திறந்தால் அந்தப் பேச்சையும் திறக்க வேண்டுமே.

எல்லோருக்குமாக ஓர் அறக்கட்டளை

மனதுக்கு மிகவும் பிடித்த வழி. எங்களுக்குக் கொஞ்சமும் சரிப்படாத வழியும் இதுதான்.

பிரிட்டனில் இது பெரிய அலையாகவே நடந்தது. நிறுவனத்தின் பங்குகளில் பாதிக்கு மேல் ஊழியர் அறக்கட்டளையின் கைக்குப் போகும்படி நிறுவனர் விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை என்று 2014-இல் சட்டம் வந்தது. ஊழியருக்கு வருஷம் 3,600 பவுண்டு வரை போனஸுக்கு வருமான வரியும் இல்லை. ஆல்ஃபோர்ட் ஹால் மொனஹன் மோரிஸ் அலுவலகம் 2017-இல் இப்படி மாறியது. சலுகை கூடிப்போய்விட்டது என்று நினைத்தார்களோ என்னவோ, 2025 நவம்பர் பட்ஜெட்டில் அந்த வரிவிலக்கைப் பாதியாக்கிவிட்டார்கள்.

சலுகைக்கெல்லாம் வெகுகாலம் முன்பே ரிச்சர்ட் ராஜர்ஸ் இதைச் செய்துவிட்டார். அவருடைய அலுவலகத்தின் பங்குகள் ஓர் அறக்கட்டளையிடம். எந்தத் தனியாளுக்கும் சொந்தமில்லை, போகும்போது விற்கவும் எதுவும் இல்லை. 2007-இல் கிரஹாம் ஸ்டர்க், ஐவன் ஹார்பர் இருவரின் பெயரையும் பலகையில் சேர்த்தார். 2020-இல், 87 வயதில், ஓய்வு. அவர் விலகிய இரண்டு வருஷத்துக்குள் அவர் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று அலுவலக விதியிலேயே இருந்தது. அவர் 2021 டிசம்பரில் காலமானார், அடுத்த வருஷம் அலுவலகம் வெறும் ‘ஆர்.எஸ்.எச்.பி.’ ஆனது. பாரீஸில் பாம்பிடூ மையத்தை ரென்சோ பியானோவோடு சேர்ந்து கட்டிய மனிதர், தன் பெயரைக் கழற்றும் தேதியைத் தானே முன்கூட்டி எழுதிவைத்திருந்தார். நம்ம ஊரில் கல்வெட்டில் பெயர் விட்டுப்போனால் திறப்புவிழாவே நிற்கும்.

இதற்கு நேர் எதிர், லண்டனில் அலுவலகம் நடத்திய ஆர்க்கிடெக்ட் ஜாஹா ஹதீத். 2016 மார்ச்சில் 65 வயதில் திடீரென்று காலமானார். உயிலை நிறைவேற்ற நியமித்த நால்வருக்குள் வழக்கு வந்து நீதிமன்றம் வரை போனது. அலுவலகம் ஊழியர் அறக்கட்டளையின் கைக்கு வர 2021 ஆயிற்று. அதோடு முடியவில்லை. ‘ஜாஹா ஹதீத்’ என்ற பெயரைப் பயன்படுத்த, 2013-இல் போட்ட உரிம ஒப்பந்தப்படி, அலுவலகம் தன் வருமானத்தில் 6 சதவீதத்தை வருஷாவருஷம் கொடுத்துவர வேண்டியிருந்தது. பணம் போவது அவர் பெயரிலான வேறோர் அறக்கட்டளைக்கு. அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியே வர இன்னொரு வழக்கு.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எங்கள் நோட்டில் ‘பெயர்’ என்று தனியாக ஒரு பத்தி சேர்த்தேன். எங்கள் ஆபீஸ் பெயரும் சாரின் பெயர்தான்.

சரி, இங்கே ஏன் முடியாது? அந்த பிரிட்டன் சட்டம் போல நம்மிடம் ஒன்று இல்லை. ஊழியருக்குப் பங்கு கொடுக்கும் ஈசாப் என்பது பங்கு உள்ள கம்பெனிக்குத்தான் பொருந்தும். பார்ட்னர்ஷிப்பிலும் எல்.எல்.பி.யிலும் பங்கு என்று ஒரு தாளே கிடையாது. அறக்கட்டளை வைத்து வளைத்துக் கட்டலாம் என்று வக்கீல் ஒருவர் சொன்னார். அந்த வளைவுக்கான ஃபீஸைக் கேட்டதும் நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டோம். இன்னொன்றும் உண்டு. அங்கேயும் நிறுவனருக்குப் போகும் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை, ஊழியர்கள் அடுத்த சில வருஷம் சம்பாதிக்கும் லாபத்திலிருந்துதான் போகிறது. நூறு இருநூறு பேர் இருக்கும் இடத்தில் அந்தச் சுமை பரவிவிடும். இருபத்தாறு பேரில் பரவ இடமில்லை.

பெரிய நிறுவனத்துக்கு விற்பது

லண்டனின் ஆர்க்கிடெக்ட் அலுவலகமான ஃபோஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ் 2007-இல் திரீ ஐ என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு ஒரு பங்கை விற்றது. அப்போது அதன் நிறுவனர் நார்மன் ஃபோஸ்டருக்கு எழுபது தாண்டியிருந்தது. 2014-இல் பார்ட்னர்களே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 2021-இல் கனடாவின் ஹென்னிக் குடும்ப நிறுவனம் உள்ளே வந்தது. இத்தனைக்கும் நடுவில் ஃபோஸ்டர் தன் நாற்காலியிலேயே இருந்தார். பணத்தை வெளியே எடுத்து, ஆளை உள்ளேயே வைத்துக்கொள்ளும் வித்தை. ஆனால் அதற்கு ஃபோஸ்டராக இருக்க வேண்டும்.

நடுத்தர ஆபீஸுக்கு நடப்பது வேறு. வாங்குபவருக்கு வேண்டியது உங்கள் கிளையன்ட் பட்டியலும், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று நீங்கள் தேறிய ஒரு துறையும். பாதிப் பணம் உடனே, மீதி இரண்டு மூன்று வருஷத்தில், அதுவும் வருமானம் குறையாமல் இருந்தால். அதுவரை பெரியவர் நாற்காலியை விட்டு நகரக் கூடாது. ஓய்வுக்காக விற்றுவிட்டு, நாற்பது வருஷம் முதலாளியாக இருந்தவர் அறுபத்தாறு வயதில் வேறொருவருக்கு மாத ரிப்போர்ட் எழுதுவார். அமெரிக்காவில் ஹில்லியர் என்ற பெரிய அலுவலகத்தை 2007-இல் எடின்பரோவின் ஆர்.எம்.ஜே.எம். வாங்கியது. 2012-இல் வாங்கிய நிறுவனத்தின் பிரிட்டன் கம்பெனிகளே, கடன் கொடுத்தவர்களுக்காகச் சொத்தைக் கையிலெடுக்கும் ரிசீவர் கையில் போய்விட்டன. விற்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், மீதித் தவணை வாங்குபவரின் ஆரோக்கியத்தில்தான் தொங்குகிறது.

இதன் ஒரே பெரிய அனுகூலம், மீதித் தவணை பின்னால் வந்தாலும், விற்பனை ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் முடிந்துவிடும். உடம்பு சரியில்லை, வேறு வழியில்லை என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். மற்றபடி எனக்கு இதில் ஈடுபாடில்லை. டீமுக்கு யார் சொல்வார்கள்? வாட்ஸ்அப்பில் தெரியவரும்.

மூடுவது, அல்லது சுருக்கிக்கொள்வது

மூடுவதைத் தோல்வி என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. நான் படித்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கொழும்பில் நடந்த ஒன்று.

இலங்கையின் புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகத்துக்கு அவர் பெயர் கிடையாது. ‘எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக்’ என்ற பழைய நிறுவனம் அது, அதில் அவர் பார்ட்னர். அவரோடு நெடுங்காலம் பார்ட்னராக இருந்து அலுவலகத்தைத் தூக்கி நிறுத்தியவர் கே. பூலோகசுந்தரம், தமிழர், இன்ஜினியர். கோட்டே நாடாளுமன்றம் 1982-இல் திறந்தது இவர்கள் காலத்தில்தான். 1989-இல், எழுபது வயதில், பாவா அந்த அலுவலகத்தை விட்டு விலகினார். விலகித் தன் வீட்டிலேயே ஒருசில இளைஞர்களை வைத்துக்கொண்டு சின்னதாக வரைய ஆரம்பித்தார். கண்டலம ஹோட்டல் அந்தச் சின்ன இடத்திலிருந்து வந்ததுதான். 1994-இல் முடிந்தது. பாறையோடு பாறையாக, செடிகொடி மூடி நிற்கும் அந்தக் கட்டடத்தை இன்று பார்ப்பவர் யாரும் அது ஓய்வுக்குப் பிறகு வரைந்தது என்று நினைக்க மாட்டார்கள்.

இந்திய ஆர்க்கிடெக்ட் சார்ல்ஸ் கொரியா தன் வரைபடங்கள், மாதிரிகள் எல்லாவற்றையும் உயிரோடு இருக்கும்போதே லண்டனில் உள்ள பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட்டுகள் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். 2013-இல் அங்கே கண்காட்சியும் நடந்தது. இந்தியாவுக்குள் வைத்துக் காக்க ஓர் இடம் இல்லாமல் போனதே என்று எனக்கு வருத்தம்தான். ஆனால் கரையானுக்குப் போகவில்லை.

கரையான் என்றதும் எங்கள் ஆபீஸின் தகர அலமாரி ஞாபகம் வருகிறது. தட்டையான எட்டு இழுப்பறைகள், ஆறாவது கொஞ்சம் மடங்கிச் சிக்கும், முழங்காலால் ஒரு தட்டு தட்டினால்தான் வெளியே வரும். போன வருஷம் ஒருவர் போன் செய்தார். 1996-இல் நாங்கள் கட்டிக் கொடுத்த வீடு. அப்பாவுக்கு மாடி ஏற முடியவில்லை, லிஃப்ட் வைக்க வேண்டும், படிக்கட்டுக்குப் பக்கத்து ஸ்லாபை வெட்டினால் பீம் குறுக்கே வருமா என்று கேட்டார். சார் ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். “வடக்குப் பக்கம் வெட்டச் சொல்லு, தெற்குல ஒரு கன்சீல்டு பீம் இருக்கு” என்றார். ஆறாவது இழுப்பறையைத் தட்டித் திறந்து டிரேசிங் ஷீட்டை எடுத்துப் பார்த்தோம். இருந்தது. ஆபீஸை மூடினால் அந்த போனை யார் எடுப்பார்கள்?

மூடுவதற்கும் காலம் வேண்டும். நடந்துகொண்டிருக்கும் வேலைகளை முடிக்கவே இரண்டு வருஷம் ஆகும். பாதியில் விட்டால் உரிமையாளர் வேறு ஆர்க்கிடெக்ட்டை நியமித்து, அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். கிராஜுவிட்டி பாக்கி வேறு. ஐந்து வருஷம் முடித்தவருக்கு, வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம். எங்கள் டிராஃப்ட்ஸ்மேன் அண்ணன் சேர்ந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. மூடினால் லாபம் என்று மேலோட்டமாகப் பார்க்கிறவர்கள் இந்தத் தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

நோட்டில் நான் எழுதியது

எட்டு வருஷம் எங்களிடம் இல்லை. சார் மூன்று வருஷம் போதும் என்கிறார், மேடம் ஐந்து வருஷம் இருக்கத் தயார். ஆகவே மேலே போட்ட கணக்கை ஐந்துக்கு மாற்றினேன். ஒன்றரை வருஷ லாபத்தை விலையாக வைத்தால் முதல் வருஷமே தலைக்கு ஆறு லட்சத்து நாற்பதாயிரம் கட்ட வேண்டும், கையைக் கடிக்கிறது. விலையை ஒரு வருஷ லாபமாக, அதாவது 80 லட்சமாக இறக்கினால், பெரியவர்கள் பங்கு 64 லட்சம், வருஷத்துக்கு 12 லட்சத்து 80 ஆயிரம், தலைக்கு நான்கேகால் லட்சம் சொச்சம். முதல் வருஷத்து ஐந்து லட்சத்து முப்பதாயிரத்துக்குள் அடங்கிவிடுகிறது. காலம் குறைந்ததால் விலை குறைகிறது. அந்த வித்தியாசத்தைப் பெரியவர்கள்தான் தாங்க வேண்டியிருக்கிறது என்பதையும் மறைக்காமல் எழுதினேன்.

அதோடு சில விஷயங்கள். இந்த நிதியாண்டுக்குள் எல்.எல்.பி.யாக மாற்றுவது. அடுத்த ஏப்ரலில், சார் இருக்கும்போதே, பெயர்ப்பலகையில் இன்னும் இரண்டு பெயர் ஏற்றுவது. சார் பெயர் எப்போது இறங்கும் என்பதை அவரே தேதி போட்டு எழுதிக் கொடுப்பது, அதற்கு எந்த ராயல்டியும் இல்லை. ஓய்வுக்குப் பிறகு சாருக்குப் பிடித்த சின்ன வீடுகளை அவர் சொந்த நம்பரிலேயே, சொந்த ஸ்டாம்பிலேயே வரையலாம், நாங்கள் குறுக்கே வர மாட்டோம். இது பாவாவிடமிருந்து எடுத்தது. தகர அலமாரியை ஸ்கேன் செய்ய ஒரு பையனை ஆறு மாதத்துக்கு வைத்துக்கொள்வது. இன்சூரன்ஸில், விலகியவர்கள் முன்பு செய்த வேலைக்கும் பாதுகாப்பு தொடர்வது.

சனிக்கிழமை கொடுத்தேன். சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, டிராயிங் பார்ப்பதுபோல, பென்சிலோடு படித்தார். பெயர் பத்தியில் ஒரு டிக். அலமாரிப் பத்தியில் இரண்டு டிக். 80 லட்சம் என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, அதைச் சுற்றி வட்டமும் போட்டார். “நாப்பது வருஷம்பா” என்றார், அவ்வளவுதான். நான் ஒன்றும் பேசவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “இதை மேடம் பாக்கட்டும்” என்று தாளை மடித்தார். அப்புறம், “புதன்கிழமை அந்த ஹாஸ்பிடல் மீட்டிங்குக்கு நான் வரல. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க” என்றார்.

போனோம். உள்ளே நுழைந்ததும் சேர்மன் எங்களுக்குப் பின்னால் கதவைப் பார்த்தார். “சார் பின்னாடி வர்றாரா?” என்று கேட்டார். இல்லை என்றோம். காபி வந்தது. கேஷுவால்ட்டி வாசலில் ரேம்ப் எங்கே முடிய வேண்டும் என்பதில் ஒன்றரை மணி நேரம் சண்டை. நாங்கள் திரும்பி வரும் வழியிலேயே சேர்மன் சாருக்கு போன் செய்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று சார் இதுவரை சொல்லவில்லை. வட்டம் போட்ட கேள்விக்குறியும் அப்படியே இருக்கிறது.